நடுவில் குவியும் ஒளி: கோளக் கொத்துகளும் அமெச்சூர் கேமராவும்

வானத்தைப் படம் எடுப்பவர்களிடம் பேசிப் பாருங்கள், புலம்பல் ஒன்றாகத்தான் இருக்கும்: வெளிச்சம் போதவில்லை. நெபுலா ஒன்றுக்காக இரவு இரவாகக் கேமராவைத் திறந்து வைக்கிறார்கள். தொலைதூரப் பேரடை ஒன்றின் மங்கலான கரத்தைப் பிடிக்க ஊர் ஊராக இருட்டைத் தேடிப் போகிறார்கள். கோளக் கொத்து மட்டும் இந்தப் புலம்பலில் சேராது. அங்கே வெளிச்சம் குறைவில்லை; சின்னஞ்சிறு இடத்தில் மிதமிஞ்சிக் குவிந்து கிடக்கிறது. அதனாலேயே, "புதிதாக வருபவர்கள் முதலில் இதை எடுக்கட்டும், அரைமணி நேர வேலை" என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். அரைமணியில் ஒரு படம் கிடைத்துவிடும் என்பது உண்மைதான். அந்தப் படம் பெரும்பாலும் கோலப்பொடியைக் கைதவறிக் கொட்டியதுபோல, நடுவில் வெள்ளைத் திட்டும் சுற்றிலும் சிதறலுமாக இருக்கும். நடுப்பகுதியிலும் விண்மீன்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும், அவற்றின் நிறமும் கெடக் கூடாது என்று நினைத்துவிட்டால், அமெச்சூர் வானியலில் இதைவிடக் கடினமான வேலை அதிகம் இல்லை.

கோளக் கொத்து என்றால் பல்லாயிரம் முதல் பல லட்சம் வரை, சிலவற்றில் அதற்கும் மேல், விண்மீன்கள் தங்கள் ஈர்ப்பாலேயே பிணைந்து உருண்டையாகத் திரண்டு நிற்கும் கூட்டம். நம் பால்வீதியைச் சுற்றி இப்படி 150-க்கும் மேற்பட்டவை தெரியவந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு வயது ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல். சூரியனுக்கோ சுமார் 460 கோடிதான். வாயுவும் தூசியும் என்றோ தீர்ந்துபோய் விண்மீன்கள் மட்டுமே மிச்சம். படம் எடுப்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும். குறைகளை மூடி மறைக்க இங்கே மேகம் ஏதும் கிடையாது. படம் முழுக்கப் புள்ளிகள். லென்ஸின் கோளாறு, மவுண்டின் தள்ளாட்டம், குவியம் ஒரு மயிரிழை தப்பியது என எதுவாக இருந்தாலும் ஆயிரம் இடங்களில் ஒரே நேரத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

பழங்கால வானியலாளர்களுக்கு இவை மங்கல் திட்டுகள்தாம். கொத்துகளிலேயே பெரியதான ஒமேகா சென்டாரியைத் தாலமி விண்மீனாகவே பட்டியலிட்டார். 1603-இல் பேயர் அதற்கு, மற்ற விண்மீன்களுக்குக் கொடுத்ததுபோலவே, ஒரு கிரேக்க எழுத்தைக் கொடுத்தார். அது விண்மீன் அல்ல என்று 1677-இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து குறித்தவர் எட்மண்ட் ஹாலி. இன்று எம் 13 என்று நாம் சொல்லும் ஹெர்குலிஸ் கொத்தையும் 1714-இல் அவரே கண்டார். இந்த 'எம்' எண்களைத் தந்த மெஸ்ஸியேயின் புகழ்பெற்ற பட்டியலில் 29 கோளக் கொத்துகள் உண்டு. ஆனால் அவருடைய தொலைநோக்கியில் எம் 4 ஒன்றுதான் தனித்தனி விண்மீன்களாகப் பிரிந்தது. மற்றவை எல்லாம் 'விண்மீன் இல்லாத நெபுலா'. வில்லியம் ஹெர்ஷலின் பெரிய ஆடிகள் வந்த பிறகுதான் கொத்து, கொத்தாகத் தெரிந்தது. 1789-இல் இந்த வகைக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான்.

கண்ணால் பார்த்த காலம் அத்தோடு முடிந்தது. பிறகு நமக்குத் தெரியவந்ததெல்லாம் ஒளிப்படத் தகடுகளின் கொடை. ஹார்வர்ட் வானாய்வகம் பெரு நாட்டின் அரெகிப்பாவில் வைத்திருந்த நிலையத்தில், 1890-களில் சாலன் பெய்லி தென்வானக் கொத்துகளைத் தகடு தகடாக எடுத்தார். ஒமேகா சென்டாரியின் தகட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை எண்ணினார்கள். வெவ்வேறு இரவுத் தகடுகளை ஒப்பிட்டபோது சில புள்ளிகள் பெருத்தும் சிறுத்தும் தெரிந்தன. அந்த ஒரு கொத்தில் மட்டும் 128 மாறொளிர் விண்மீன்களை அவர் 1902-இல் வெளியிட்டார். அவற்றில் பெரும்பாலானவை இன்று ஆர்.ஆர். லைரே வகை என்று அறியப்படுபவை. ஏறத்தாழ அரை நாளில் ஒரு சுற்று ஒளிர்ந்து மங்கும் விண்மீன்கள்.

இந்த மாறொளிர்களை அளவுகோலாகக் கொண்டுதான் ஹார்லோ ஷாப்லி, மவுண்ட் வில்சனின் 60 அங்குலத் தொலைநோக்கிப் படங்களிலிருந்து கொத்துகளின் தூரத்தைக் கணக்கிட்டார். கொத்துகள் வானம் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவில்லை. தனுசு ராசியின் பக்கம் கூட்டமாகக் குவிந்திருந்தன. அவை சுற்றும் மையம்தான் பால்வீதியின் மையம், சூரியன் அங்கே இல்லை என்று 1918-இல் அவர் வந்த முடிவு, பூமியை மையத்திலிருந்து விலக்கிய கோப்பர்னிக்கஸின் வேலைக்கு அடுத்த படி. அவர் சொன்ன தூரம் உண்மையைவிட இருமடங்குக்கும் மேல். ஆனால் திசை பிசகவில்லை. இன்றும் ஆடி மாத முன்னிரவில் தனுசு, விருச்சிகம் பக்கம் ஒரு சாதாரண லென்ஸைத் திருப்பிப் படமெடுத்தால், கொத்துகள் அங்கே நெருங்கிக் கிடப்பது யாருக்கும் தெரியும். ஷாப்லியின் வாதத்தில் பாதி அந்த ஒரு படத்திலேயே இருக்கிறது.

தென்திசையின் சலுகை

இந்தத் துறையின் கையேடுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்கள் எழுதியவை. அதனால் எம் 13-தான் கோளக் கொத்துகளின் அரசன் என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. லண்டனில் இருப்பவர் அப்படித்தான் சொல்வார்; ஒமேகா சென்டாரி அவருடைய அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. டெல்லியில் அது 14 பாகை உயரம்தான் எழும். சென்னையில் கிட்டத்தட்ட 30 பாகை, கன்னியாகுமரியில் 34. இந்த வித்தியாசம் சின்னதல்ல. 30 பாகை உயரத்தில் ஒளி கடந்துவரும் காற்றின் தடிமன், தலைக்கு நேர் மேலே இருப்பதைப் போல் இருமடங்கு. 14 பாகையில் நான்கு மடங்கு. ஜவ்வாது மலையில் காவலூரை வானாய்வகத்துக்காக வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்தபோது தென்வானமும் எட்ட வேண்டும் என்பது ஒரு முக்கியக் காரணம். காவலூருக்குக் கிடைத்த அந்தச் சலுகை நம் மொட்டைமாடிக்கும் உண்டு.

ஒமேகாவைக் கண்டுபிடிக்க வரைபடம்கூடத் தேவையில்லை. பங்குனி, சித்திரை மாதங்களில் நள்ளிரவை ஒட்டிச் சித்திரை நட்சத்திரம் உச்சியை நெருங்கும். அதிலிருந்து நேர் தெற்கே, கையை நீட்டி முஷ்டி பிடித்தால் மூன்றரை முஷ்டி தள்ளி ஒமேகா. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தென்திசைக் கோட்டைக் கடக்கின்றன. இருட்டான இடத்தில் வெறும் கண்ணுக்கே மங்கலான பஞ்சுப் புள்ளியாகத் தெரியும். பொலிவெண் சுமார் 3.9 (எண் குறையக் குறையப் பொலிவு கூடும்). தூரம் ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு, விண்மீன்கள் ஏறத்தாழ ஒரு கோடி. படத்தில் முழுநிலவின் அகலத்துக்கு மேலேயே இடம் பிடிக்கும். 20 பாகைக்கு மேல் அது நிற்பது சென்னையில் ஏறக்குறைய ஐந்தேகால் மணி நேரம். அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். இடம் தேர்வதில் ஒன்றே ஒன்றைக் கவனித்தால் போதும்: ஊர் உங்களுக்கு வடக்கே இருக்கட்டும். தெற்கே நகர வெளிச்சம் இருந்தால் தென்வானக் கொத்து எதுவும் உருப்படாது. இராமேசுவரத்திலோ குமரிமுனையிலோ நிற்பவருக்குத் தெற்கே கடல். இதைவிட என்ன வேண்டும்.

சித்திரை மாதத் தொடக்கத்தில் ஓர் இரவு முழுக்க விழித்திருக்க முடிந்தால் நல்ல கொத்துகள் வரிசையாக வரும். நள்ளிரவில் தெற்கே ஒமேகா. ஏறக்குறைய அதே நேரத்தில் வடக்கே உயரத்தில் எம் 3. ஒன்றே முக்கால் மணிவாக்கில் எம் 5. மூன்று மணி சுமாருக்கு எம் 4, எம் 13 இரண்டும் சேர்ந்து உச்சிக்கு வரும். எம் 4-ஐத் தேடவே வேண்டாம், கேட்டை நட்சத்திரத்துக்கு மேற்கே ஒன்றரைப் பாகைக்குள் இருக்கிறது. விடியலுக்குமுன் எம் 22. ஐரோப்பியர் அடிவானப் புகையில் தேடும் எம் 22 நமக்கு 54 பாகை உயரத்தில். இவற்றை எல்லாம் ஒரே லென்ஸ், ஒரே அமைப்பில் எடுத்து அருகருகே வைத்துப் பார்ப்பது என் கணிப்பில் ஒரே கொத்தை ஐந்து இரவு எடுப்பதைவிடப் பயனுள்ள வேலை.

கிடைக்காததையும் சொல்லிவிட வேண்டும். ஒமேகாவுக்கு அடுத்துப் பெரும்புகழ் கொண்ட 47 டுகானே, சென்னையில் 5 பாகையும் கன்னியாகுமரியில் 10 பாகையும்தான் எழும். இலங்கையின் தென்முனைக்குப் போனாலும் 12. அது இரவில் உச்சிக்கு வருவது ஐப்பசி, கார்த்திகையில். அது நமக்கு மழைக்காலம். அதை ஆஸ்திரேலியர்களுக்கு விட்டுவிடலாம்.

காற்று வைக்கும் வரம்பு

கொத்தின் நடுப்பகுதியைப் பிரித்துக்காட்டுவதில் தொலைநோக்கியின் அளவைவிட முன்னால் நிற்பது காற்று. நம் கரையோர ஊர்களில் சாதாரண இரவில் ஒரு விண்மீனின் பிம்பம் இரண்டு, மூன்று விகலை (ஆர்க்செகண்ட்) அகலத்துக்குப் பூசிப்போய்விடுகிறது. கேமராவின் ஒரு பிக்ஸல் வானத்தில் எத்தனை விகலையை அடைக்கிறது என்று கணக்கிட எளிய வழி உண்டு: பிக்ஸல் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, குவியத்தூரத்தை மில்லிமீட்டரில் வைத்து வகுக்க வேண்டும். 200 மி.மீ. லென்ஸும் 4 மைக்ரான் பிக்ஸலும் என்றால் ஒரு பிக்ஸலுக்கு நான்கு விகலைக்குச் சற்று மேல். ஒமேகா அதில் ஐந்நூறு பிக்ஸல் அகலத்துக்கு வரும். ஓரங்கள் நன்றாகப் பிரியும், நடு பிரியாது. 1,000 மி.மீ. தொலைநோக்கியும் 3.76 மைக்ரான் பிக்ஸலும் சேர்ந்தால் ஒரு பிக்ஸலுக்கு 0.8 விகலை. மூன்று விகலைக் காற்றுக்கு இதுவே தாராளம். இதற்கு மேல் குவியத்தூரத்தைக் கூட்டினால் பூசலைத்தான் பெரிதாக்கிப் பார்ப்போம். இரண்டாயிரம், மூவாயிரம் மி.மீ. குழாய்க்குப் பணம் சேர்ப்பவர்கள் தங்கள் ஊர்க் காற்றை முதலில் அளந்து பார்ப்பது நல்லது.

எல்லாக் கொத்துகளும் ஒரே நெருக்கம் கொண்டவையும் அல்ல. ஷாப்லியும் ஹெலன் சாயரும் 1927-இல் அவற்றை நடுநெருக்கத்தைப் பொறுத்துப் பன்னிரண்டு வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் வகுப்பு மிக நெருக்கம், பன்னிரண்டாவது மிகத் தளர்வு. எம் 2, எம் 80 இரண்டாம் வகுப்பு, எம் 15 நான்காவது, எம் 13 ஐந்தாவது, ஒமேகா எட்டாவது, எம் 4 ஒன்பதாவது, எம் 55 பதினொன்றாவது. கையேடுகள் இதை ஒரு பழங்கதையாகக் கடந்துபோகின்றன. படமெடுப்பவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. சிறிய லென்ஸ் வைத்திருப்பவர் எம் 4, எம் 55, எம் 22, ஒமேகா ஆகியவற்றை எடுத்தால் மனம் நிறையும். எம் 15, எம் 80 பக்கம் போனால் ஏமாற்றம்தான். இப்போது பலர் வாங்கும் 50 மி.மீ. தானியங்கித் தொலைநோக்கிகளுக்கும் இதே வரம்பு பொருந்தும். அவற்றின் 250 மி.மீ. குவியத்தூரத்துக்கு ஒரு பிக்ஸல் ஏறக்குறைய 2.4 விகலை. ஒமேகாவை அவை அழகாகவே தருகின்றன. எம் 15-இன் நடுவை அவற்றிடம் கேட்பது நியாயமில்லை.

காற்றோடு மோதாமல் அதைத் தந்திரமாகக் கடக்கவும் ஒரு வழி உண்டு. காற்று எப்போதும் ஒரே அளவில் கலங்குவதில்லை. நொடிக்கு நொடி மாறும். ஒன்றிரண்டு நொடி எக்ஸ்போஷராக ஆயிரக்கணக்கில் எடுத்து, கூர்மையானவற்றை மட்டும் பொறுக்கிச் சேர்க்கலாம். கிரகங்களைப் படமெடுப்பவர்கள் நெடுங்காலமாகச் செய்வது இதுதான். இன்னும் வேகமாக எடுத்துப் பொறுக்கும் இதே உத்தியைப் பாலோமரின் 200 அங்குலத் தொலைநோக்கியில், காற்றின் கலக்கத்தை உடனுக்குடன் சரிசெய்யும் கருவியோடு சேர்த்து, கேம்பிரிட்ஜ் குழு ஒன்று 2007-இல் பயன்படுத்தியது. எம் 13-இன் நடுப்பகுதி ஹப்பிளை மிஞ்சும் கூர்மையில் வந்தது. நம் கைக்கு அந்தக் கூர்மை எட்டாது. ஆனால் அமெச்சூர்கள் இந்த வழியைக் கொஞ்சமாவது முயலத் தக்க தொலைவான்பொருள்களில் ஒன்று கோளக் கொத்து, ஏனென்றால் அதற்கு ஒரு நொடியில் பதியுமளவு ஒளி இருக்கிறது.

எக்ஸ்போஷர்: குறைத்தால் கூடும்

எம் 13-இன் மிகப் பொலிவான செம்பெரு விண்மீன்கள் ஏறக்குறைய 12-ஆம் பொலிவெண். சூரியனையொத்த சாதாரண விண்மீன்கள் 18.5-ஐத் தாண்டித்தான் தொடங்கும். இடைவெளி நானூறு மடங்கு ஒளி. மங்கலானவற்றுக்காக ஐந்து நிமிடம் திறந்துவைத்தால் பெரியவை நிரம்பி வழிந்துவிடும். வழிந்த புள்ளியில் நிறம் இருக்காது, வெள்ளைதான். ஒரு பிக்ஸல் ஏற்கும் எலக்ட்ரான்கள் இன்றைய நல்ல சென்சார்களில்கூட ஐம்பதாயிரம் அளவில்தான். பெரியவற்றுக்காகக் குறைத்தால் சின்னவை மறையும்.

பிலிம் காலத்தில் இதற்கு விடை இல்லை. நேரம் ஆக ஆகப் பிலிம் மந்தமாகும். அதனால் அப்போது நீண்ட எக்ஸ்போஷர்தான் வழி, எரிந்துபோன நடுப்பகுதியை விதி என்று ஏற்றுக்கொண்டார்கள். இன்றைய சீமாஸ் சென்சாரில் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் சேரும் இரைச்சல் ஒன்றிரண்டு எலக்ட்ரான் அளவுக்குக் குறைந்துவிட்டது. அதனால் பத்து, இருபது, முப்பது நொடி பிரேம்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால், அதாவது ஸ்டாக் செய்தால், நீண்ட எக்ஸ்போஷரின் ஆழமும் கிடைக்கும், பெரிய விண்மீன்களும் நிரம்பாது. கெய்னைத் தாழ்வாக வையுங்கள். மொத்தம் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். நெருக்கமான கொத்துகளுக்கு மட்டும் இரண்டு, மூன்று நொடி பிரேம்களைத் தனியாக ஒரு தொகுப்பு எடுத்து வைத்து நடுப்பகுதிக்குப் பயன்படுத்தலாம். சிலர் இரண்டு தொகுப்பையும் ஒட்டிய இடம் தெரியுமளவுக்குச் செய்துவிடுகிறார்கள். நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பள்ளம் விழுந்ததுபோல் இருக்கும். கொத்தின் நடு பொலிவானது. பொலிவாகத்தான் தெரிய வேண்டும்.

நகரவாசிக்கு ஒரு நல்ல செய்தி. நெபுலாவின் ஒளி பரந்து கிடப்பது, நகர வெளிச்சத்தில் கரைந்துபோகும். விண்மீன் ஒரு புள்ளி. வெளிச்சப் பின்னணியிலிருந்து அது எட்டிப் பார்த்துவிடும். நகர மொட்டைமாடியிலிருந்தும் நிலவு நாளிலும் எடுக்கத் தக்கவை கோளக் கொத்துகளே. ஓரத்து மங்கல் விண்மீன்கள் தொலைந்து கொத்து சற்றே சிறுத்துப்போகும், அவ்வளவுதான். நெபுலாவுக்காக வாங்கிய குறும்பட்டை வடிப்பானை மட்டும் கழற்றிவிடுங்கள். கொத்து தன் ஒளியை நிறமாலை முழுக்கப் பரப்புகிறது. வடிப்பான் அதில் பெரும்பகுதியை வெட்டி, மிச்சத்தின் நிறத்தையும் கெடுக்கும்.

மவுண்ட் விஷயத்தில் நம் குறைந்த அட்சரேகையே தொல்லை. துருவ விண்மீன் சென்னையில் 13 பாகை, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் 10 பாகை சுமார், குமரியில் 8. எதிர்வீட்டு நீர்த்தொட்டியே அதை மறைத்துவிடும். சில மவுண்டுகளின் சாய்வு அளவு இவ்வளவு கீழே இறங்காது. இறங்கினாலும் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. துருவ விண்மீன் தெரியாவிட்டாலும் கேமரா எடுத்த படத்தைக் கணினி பட்டியலோடு பொருத்தி அச்சைச் சரிசெய்யும் முறை இப்போது எளிதாகிவிட்டது. உயரமும் திசையுமாகத் திரும்பும் எளிய மவுண்டுகளுக்கு வேறொரு தொல்லை: உச்சிக்கு நெருக்கமாக வரும் பொருளைப் பின்தொடர அவை வேகமாகச் சுழல வேண்டும், படமும் சுழன்றுபோகும். எம் 15 திருவண்ணாமலையின் உச்சந்தலைக்கு நேர் மேலாகவே கடக்கிறது. காற்று மிகக் குறைவாக இருக்கும் அந்த அருமையான நேரத்தில் அத்தகைய மவுண்டால் பயனில்லை. ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ எடுக்க வேண்டும்.

நிறத்தில் ஒளிந்திருக்கும் கேள்வி

ஸ்டாக் செய்த படத்தை அப்படியே திறந்தால் கறுப்பாக இருக்கும். அதை வெளுக்கவைக்கும் படியில்தான் பெரும்பாலான கோளக் கொத்துப் படங்கள் சாகின்றன. சாதாரண ஸ்ட்ரெச் எல்லா நிறத்தையும் மேலே தள்ளி வெள்ளையாக்கிவிடும். சிரில் போன்ற இலவச மென்பொருள்களில் உள்ள ஆர்க்-சைன்-எச் ஸ்ட்ரெச், சிவப்பு, பச்சை, நீலத்தின் விகிதத்தைக் கெடுக்காமல் பொலிவை மட்டும் கூட்டும். கையா விண்கலத்தின் விண்மீன் பட்டியலோடு ஒப்பிட்டு நிறத்தைத் தராசில் நிறுத்தும் வசதியும் அதிலேயே இருக்கிறது. இந்த இரண்டையும் கவனமாகச் செய்து, நிறச்செறிவை மிகையாக்காமல் நிறுத்தினால், கொத்து வெள்ளை உருண்டையாக இல்லாமல் மஞ்சள், ஆரஞ்சுப் பெருவிண்மீன்களும் அவற்றுக்கிடையே நீலப் புள்ளிகளுமாகத் தெரியும்.

ஆரஞ்சானவை முதுமையில் ஊதிப்போன செம்பெரு விண்மீன்கள். நீலமானவற்றில் பெரும்பாலானவை அதற்கு அடுத்த கட்டத்தில் ஹீலியத்தை எரித்துக்கொண்டிருப்பவை. இங்கே ஒரு பரிசோதனையை யாரும் செய்து பார்க்கலாம். எம் 3-ஐயும் எம் 13-ஐயும் ஒரே இரவில், ஒரே அமைப்பில் எடுத்து, ஒரே மாதிரிச் செயலாக்கி அருகருகே வையுங்கள். எம் 13-இல் அந்த ஹீலியம் எரிக்கும் விண்மீன்கள் நீலப் பக்கமே ஒதுங்கி நிற்கும். எம் 3-இல் அவை சிவப்பிலிருந்து நீலம் வரை பரவி, இடையில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆர்.ஆர். லைரே விண்மீன்கள், எம் 13-இல் அவை பத்து வாக்கில்தான். இத்தனைக்கும் இரண்டு கொத்துகளிலும் உலோகச் செறிவு (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் அளவு) ஏறக்குறைய ஒன்றுதான். உலோகச் செறிவைத் தாண்டி வேறு ஏதோ ஒன்று இவற்றின் முதுமையைத் தீர்மானிக்கிறது. அது வயதா, ஹீலியத்தின் அளவா என்று 1960-களிலிருந்து ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். 'இரண்டாம் காரணி' என்று பெயர்பெற்ற அந்தச் சிக்கலின் நிழல் ஒரு மொட்டைமாடிப் படத்தில் விழுகிறது. இதற்காகவாவது நிறத்தைக் காப்பாற்ற வேண்டும்.

இதே எம் 3-இல்தான் 1953-இல் ஆலன் சாண்டேஜ், கொத்தின் வயதுக்குப் பொருந்தாமல் இளமையாகத் தெரிந்த நீல விண்மீன்களைக் கண்டார். அத்தகைய விண்மீன்களைத் தேட இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட், 2015-இல் ஏவப்பட்டதிலிருந்து, தன் புறஊதாத் தொலைநோக்கியால் பல கொத்துகளைப் படமெடுத்திருக்கிறது. புறஊதாவில் குளிர்ந்த செம்பெரு விண்மீன்கள் மங்கிவிடும். கூட்டம் கலைந்து, சூடான விண்மீன்கள் மட்டும் நடுப்பகுதியிலும் தனியாக நிற்கும். நெரிசலை வெல்ல இது ஒரு வழி. பூமியின் காற்றுக்கு அடியில் இருக்கும் நமக்கு அது இல்லை.

நமக்கு இருப்பதாகச் சிலர் நம்பும் வழி, செயற்கை நுண்ணறிவு கொண்டு கூர்மையாக்கும் மென்பொருள்கள். பிளர்எக்ஸ்டெர்மினேட்டர் போன்றவை ஒரு தட்டில் பூசிப்போன விண்மீன்களை ஊசிமுனையாக்கிவிடுகின்றன. ஓரங்களில், ஒரு புள்ளி ஒரு விண்மீன்தான் என்று ஐயமில்லாத இடத்தில், இவை பயனுள்ளவை, மறுக்க முடியாது. நடுப்பகுதியில் கதை வேறு. மூன்று விகலைப் பூசலுக்குள் ஐந்து விண்மீன்கள் கலந்திருந்தால், அவை எங்கே நிற்கின்றன என்ற தகவல் படத்திலேயே இல்லை. மென்பொருள் அங்கே வைக்கும் கூர்மையான புள்ளிகள் ஊகங்கள். கையா விண்கலமே ஒமேகா சென்டாரியின் நடுவில் நெரிசலால் தடுமாறியது. அதற்கென்று தனியாகச் செயல்படுத்திய பிறகுதான் 2023-இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய விண்மீன்களை அங்கே அடையாளம் காட்ட முடிந்தது. ஆகவே என் தீர்ப்பு இது: அந்த மென்பொருளைப் பயன்படுத்துங்கள், பயன்படுத்தியதைச் சொல்லுங்கள், நடுப்பகுதியை ஹப்பிளின் படத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். உங்கள் படத்தில் இருக்கும் விண்மீன் ஹப்பிளில் இல்லையென்றால் அதை வானத்தில் தேட வேண்டாம்.

அழகைத் தாண்டி

ஒரே இரவில் எடுத்த பிரேம்களை மணிவாரியாகப் பிரித்து ஸ்டாக் செய்து, அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் எம் 3-இலும் எம் 5-இலும் சில புள்ளிகள் கண்சிமிட்டும். அவை ஆர்.ஆர். லைரே விண்மீன்கள். பெய்லி தகடுகளில் தேடிக் கண்டதை இன்று ஓர் இரவில் எவரும் காணலாம். எம் 4-இல் அவை 13-ஆம் பொலிவெண் அளவிலேயே இருப்பதால் சிறிய தொலைநோக்கிக்கே எட்டும். இந்தத் துறையில் நம் நாட்டிலும் தொடர்ந்து வேலை நடக்கிறது. லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கிப் படங்களைக் கொண்டு சுனேத்ரா கிரிதரும் மெக்சிகோவின் அரெயானோ ஃபெர்ரோவும் பல கொத்துகளின் மாறொளிர்களை ஆராய்ந்து, தூரத்தையும் உலோகச் செறிவையும் கணித்திருக்கிறார்கள்.

திடீரென வெடிப்பவையும் உண்டு, அரிதாக. 1860 மே மாதம் எம் 80-இன் நடுவில் ஒரு நோவா தோன்றிச் சில நாள் அந்தக் கொத்தையே மங்கவைத்தது. மே 21-இல் ஜெர்மனியின் ஆவர்ஸ் பார்த்தார். ஒரு வாரம் கழித்து, அச்செய்தி தெரியாமலே, இங்கிலாந்தில் நார்மன் போக்சன் பார்த்தார். மறுவருடம் சென்னை வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்று வந்து, முப்பது ஆண்டு இங்கேயே உழைத்து மறைந்த அதே போக்சன்தான். அடுத்தது எம் 14. அங்கே 1938-இல் ஒரு நோவா வெடித்தது. எவரும் கவனிக்கவில்லை. முன்பு ஷாப்லியோடு கொத்துகளை வகுப்பாகப் பிரித்த அதே ஹெலன் சாயர் ஹாக் மாறொளிர்களுக்காக எடுத்து வைத்திருந்த தகடுகளில் அது பதிந்து கிடந்தது; 1964-இல் அவரும் அமீலியா வேலாவும் பழைய தகடுகளை மறுபடி புரட்டியபோதுதான் தெரியவந்தது.

2024-இல் ஒமேகா சென்டாரியின் நடுவில் சூரியனைப் போல் குறைந்தது 8,200 மடங்கு நிறைகொண்ட கருந்துளை இருப்பதற்கான சான்று வெளிவந்தது. ஏழு விண்மீன்கள் அங்கே இருக்கக் கூடாத வேகத்தில் நகர்வதை இருபது ஆண்டுகால ஹப்பிள் படங்கள், ஐந்நூறுக்கும் மேல், காட்டிக்கொடுத்தன. அப்படங்களில் பெரும்பாலானவை கருந்துளையைத் தேடி எடுக்கப்பட்டவை அல்ல. ஹப்பிளின் கருவிகளைச் சரிபார்ப்பதற்காக எடுத்தவை.

ஆகவே படத்தை முடித்து நண்பர்களுக்கு அனுப்பிய கையோடு மூலப் பிரேம்களை அழித்துவிடாதீர்கள். வட்டு நிறைந்துவிட்டதென்றால் இன்னொன்று வாங்குங்கள். ஒவ்வொரு தொகுப்புக்கும் தேதி, நேரம், இடம், தொலைநோக்கி, எக்ஸ்போஷர் ஆகிய ஐந்தையும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே கொத்தை, அதே அமைப்பில் மறுபடி எடுங்கள்.